வற்றாப்பளைக்கு மறுபடியும்

பரந்தனில் திரும்பிப் புதுக்குடியிருப்பு வழியே போனால் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் கிட்ட என்று சாரதித் தம்பி எடுத்துச் சொல்லியும் அம்மா ஒப்பவில்லை. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் வன்னிக்குள் ஒரு பயணமா என்பது அவர் கேள்வி. ஆகவே ஏ-9 வீதியிலேயே தெற்கே சென்று, முறிகண்டியில் இறங்கிக் கும்பிட்டு, மாங்குளத்தில் கிழக்கே திரும்பி, ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியாகப் போனோம்.

2003 ஆம் ஆண்டு வைகாசிப் பொங்கலுக்கும், சமாதான காலத்தில், இதே வழியால்தான் வந்திருந்தோம். அன்று முகமாலைச் சோதனைச் சாவடியில் இறங்கிப் பொதிகளைத் திறந்து காட்டவே பாதிப் பகல் கழிந்தது. மாங்குளத்துக்கு அப்பால் செம்புழுதி தலைமுடிவரை ஏறியது. இப்போது காப்பெற் வீதி. அன்று முறிகண்டியில் ஆச்சி ஒருவர் சுண்டுப் பேணியால் அளந்து பேப்பர்ச் சுருளில் தந்த கச்சான் கடலை, இன்று ஒட்டி முடித்த பொலித்தீன் பைக்குள் இருக்கிறது. சுருளுக்கூடாக உள்ளங்கையில் தெரிந்த அந்தச் சூடு இல்லாதது எனக்கு ஒரு குறைதான்.

மதுரையை எரித்த கண்ணகி ஈழத்துக்கு வந்து தங்கிய பத்தாவது இடம் என்பதால் பத்தாப்பளை என்றிருந்த பெயரே வற்றாப்பளை ஆனது என்பார்கள். நந்திக்கடலோரம் மாடு மேய்த்த சிறுவர்களிடம் கிழவியாக வந்த அம்மன், விளக்கேற்ற எண்ணெய் இல்லை என்று அவர்கள் கலங்கியபோது, கடல்நீரை ஊற்றி எரிக்கச் சொன்னாளாம். அதனால்தான் இன்றும் முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் வைத்து உப்புநீரில் விளக்கெரித்து, பின்னர் வைகாசித் திங்கட்கிழமையில் இங்கே பொங்குகிறார்கள். சிறுவயதில் இதை நம்பாமல் கேள்வி கேட்டு அம்மம்மாவிடம் குட்டு வாங்கியவன் நான். இம்முறை ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

சனத்துக்குக் குறைவில்லை. தூக்குக் காவடிகளும் பாற்செம்புகளும் முன்போலவே வந்துகொண்டிருந்தன. வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் கைபேசியை உயர்த்திப் பிடித்தபடி நின்றார்கள். ஆனால் அடுப்படியில் நின்று பார்த்தபோதுதான் எனக்கு மாற்றம் தெரிந்தது. 2003 இல் ஒவ்வொரு பானையையும் சுற்றிப் பேரன் பேத்திவரை ஒரு குடும்பமே குந்தியிருந்து, யார் ஓலை வைப்பது என்று சண்டை பிடித்தது. 2009 மே மாதம் இந்த நந்திக்கடலோரத்தில் என்ன நடந்தது என்பதை இங்கு யாரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

எங்களுக்குப் பக்கத்தில் பொங்கிய ஆச்சியோடு வந்திருந்தது பத்து வயதுப் பையன் ஒருவன் மட்டுமே. புகைக்குக் கண்ணைச் சுருக்கியபடி தென்னோலையைக் கீறிக் கீறித் தள்ளினார். பால் பொங்கி வழிந்ததும் கைகூப்பினார். பின்னர் தலைவாழையிலைகளை விரித்தார், ஐந்து இலைகள். ஐந்திலும் ஒவ்வோர் அகப்பை பொங்கலும் வாழைப்பழத் துண்டும் ஒரே அளவாக வைத்துக் கற்பூரம் காட்டினார். அம்மா அந்த இலைகளை எண்ணியதைக் கண்டேன், எதுவும் கேட்கவில்லை. எங்கள் பானையிலிருந்து ஓர் அகப்பை அள்ளிப் பையனின் கையிலிருந்த தட்டில் இட்டார்.

“இருங்கோ பிள்ளை, எங்கட பொங்கலும் கொஞ்சம் எடுங்கோ” என்று ஆச்சி ஓர் இலையை எங்கள் பக்கம் நகர்த்தினார்.