பம்ப் மேல் பழி, லீக் வேறு இடத்தில்: டீசல் பிக்கப் வேக்கம் லைன்

பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டருக்கு வேக்கம் (காற்றை உறிஞ்சி உண்டாக்கும் வெற்றிடம்) கொண்டுபோகும் லைனில் பெரிய லீக் இரண்டும் சிக்கிவிட்டன. இஜிஆர் (புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பிவிடும் அமைப்பு) கிளை மட்டும் பாக்கி.

வண்டி, ஆல்டர்னேட்டர் முதுகிலேயே வேக்கம் பம்ப் உட்கார்ந்திருக்கும் பழைய டீசல் பிக்கப். சிக்னலில் ஐடிலில் நிற்கும்போது பிரேக்கை அடுத்தடுத்து மிதித்தால் மூன்றாவது மிதிக்குப் பெடல் கல்லாகிவிடும். ஒர்க்‌ஷாப்பில் வழக்கமான தீர்ப்பு: "பம்ப் போயிடுச்சு சார், ஆல்டர்னேட்டரோட செட்டா மாத்திடுங்க."

மாற்றத் தேவையே இல்லை. பம்ப் வாயில் வேக்கம் கேஜை நேராக மாட்டி, வேறு எந்த ஹோஸையும் சேர்க்காமல், இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு ஐடிலில் பார்த்தால் முள் 690 மி.மீ.யில் (பாதரச அளவு) போய் நிற்கிறது. சென்னை கடல் மட்டம், இங்கே காற்றழுத்தமே 760தான். 690 என்றால் பம்ப் முதல் வகுப்பு. (இதே பம்ப் ஊட்டியில் 500ஐ ஒட்டித்தான் காட்டும். அங்கே டெஸ்ட் பண்ணிவிட்டுப் பம்பைத் திட்டக் கூடாது.) முழு லைனையும் மாட்டினால் ரீடிங் 480. ஆக அந்த 210 பம்புக்கு வெளியே எங்கோ போகிறது. குளிர்ந்த இன்ஜினில் இந்த டெஸ்ட் வேண்டாம். பம்புக்குள் சுழலும் தகடுகளுக்கு (வேன்) ஆயில் வந்து சேர்ந்தால்தான் உள்ளே சீல் ஆகும். ஆயில் பைப்பில் அடைப்பு இருந்தாலும் நல்ல பம்பே நோஞ்சானாகக் காட்டும்.

அடுத்தது லீக்-டவுன், அதாவது இன்ஜினை அணைத்த பிறகு வேக்கம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்ற டெஸ்ட். இங்கேதான் முக்கால்வாசித் தகராறு: கேஜை மாட்டும் டீ ஜாயின்ட்டை எங்கே போடுவது? பம்புக்கும் செக் வால்வுக்கும் (காற்றை ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு) நடுவில் போட்டு இன்ஜினை அணைத்தால் முள் மளமளவென்று பூஜ்யத்துக்கு இறங்கும். பம்ப் வழியாகவே காற்று திரும்பி வருகிறது, அதை லீக் கணக்கில் சேர்க்க முடியாது. இதைப் பார்த்துப் பயந்து பூஸ்டரையே கழற்றுகிறார்கள். டீ, செக் வால்வுக்கும் பூஸ்டருக்கும் நடுவில் இருக்க வேண்டும். ஆனால் இந்த வண்டியில் செக் வால்வே பூஸ்டர் முகத்தில் ரப்பர் குரோமெட்டுக்குள் (ஓட்டையைச் சுற்றி அடைக்கும் வளையம்) சொருகியிருக்கிறது. நடுவில் விரல் நுழையவும் இடமில்லை.

வழி இதுதான். பழைய செக் வால்வு ஒன்றை எடுத்து, உள்ளே இருக்கும் ரப்பர் நாக்கைப் பிடுங்கிவிட்டால் அது வெறும் எல்போ (வளைந்த குழாய்) ஆகிவிடும். அதைக் குரோமெட்டில் சொருகி, அதற்கடுத்து டீ, டீக்கு அடுத்து லைனில் மாட்டும் வகைச் செக் வால்வு, அம்புக்குறி பம்பைப் பார்த்தபடி. குரோமெட்டை மாற்றாமல் அதே குரோமெட்டோடு டெஸ்ட் பண்ண வேண்டும் என்பதுதான் இந்தச் சிரமத்துக்குக் காரணம். ஏன் என்று கீழே வரும். டீ பித்தளையில் வாங்குங்கள். கிளிப் ஸ்ப்ரிங் வகையாக இருக்கட்டும். திருகி இறுக்கும் ஹோஸ் கிளிப் சின்ன ஹோஸை முட்டை வடிவத்தில் நெரித்துவிடும், டீயே லீக் ஆகும். கேஜுக்குப் போகும் டியூபுக்கு லெவல் டியூப் ஆகாது, சூட்டில் இளகி ஒட்டிக்கொள்ளும். ஏசி மெக்கானிக் வைத்திருக்கும் நீல கேஜிலும் வேக்கம் தெரியும்தான். ஆனால் அந்தப் பக்கம் முள் நகர்கிற இடமே கொஞ்சூண்டு, 20 மி.மீ. இறங்கினால் கண்ணுக்குத் தெரியாது. 0 முதல் 760 வரை மட்டும் காட்டும் தனி வேக்கம் கேஜ் வேண்டும்.

500 வரை ஏற்றி இன்ஜினை அணைத்து, 15 நொடியில் 25 மி.மீ.க்கு மேல் இறங்கக் கூடாது. பல கம்பெனிகளின் சர்வீஸ் புத்தகங்களில் வரும் அளவு இது. இங்கே இறங்கியது 90, பெடலைத் தொடாமலே. எல்போவை விரலால் லேசாக ரேடியேட்டர் பக்கம் தள்ளியதும் முள் அப்படியே நின்றது. கையை எடுத்தால் மறுபடி இறக்கம். பூஸ்டர் ஹோஸை எப்போதோ மாற்றியவர்கள் நீளத்தைக் குறைத்துவிட்டிருக்கிறார்கள். அது எல்போவை ஓயாமல் ஒரு பக்கம் இழுத்து, சூட்டில் விறைத்துப்போன குரோமெட்டின் ஓட்டையை நீள்வட்டமாக்கிவிட்டது. குரோமெட்டை வெளியே எடுத்துப் பார்த்தால் உள் விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது.

புதுக் குரோமெட், 3 செ.மீ. கூடுதல் நீளத்தில் ஹோஸ். 15 நொடிக்கு 10 மி.மீ. இறக்கம், போதும். சொருகும்போது சோப்புத் தண்ணீர் மட்டும். இன்ஜின் ஆயிலோ சாதா கிரீஸோ பட்டால் பிரேக் பக்க ரப்பர் ஊதிப்போகும். சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவில் கட்டை கொடுத்துப் பெடலை அழுத்திவைத்தும் அதே அளவுதான். அதனால் பூஸ்டர் டயாஃப்ரம் நலம்.

இரண்டாவது லீக்கைப் பார்த்தால் சிரிப்புதான் வரும். இஜிஆர் சோலனாய்டுக்கு (மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வு) போகும் மெல்லிய ஹோஸைப் பிடுங்கி, அதன் வாயில் ஒரு போல்ட்டைத் திருகி அடைத்திருந்தார்கள். போல்ட்டின் மரை என்பது சுற்றிச் சுற்றி உள்ளே போகும் வாய்க்கால். ரப்பர் புதிதாக இருக்கும்வரை அந்தப் பள்ளத்தில் புதைந்து அடைக்கும், விறைத்த பிறகு காற்று அதிலேயே சுற்றிக்கொண்டு உள்ளே போய்விடும். போல்ட் தலையைச் சுற்றிச் சோப்பைக் கெட்டியாக அப்பியதும் முள் ஏறியது. வேக்கம் லீக்கில் குமிழி தேடிப் பயனில்லை, சோப்பு உள்ளேதான் இழுபடும். அப்பிவிட்டு முள் ஏறுகிறதா என்று பாருங்கள். பெட்ரோல் கார்களில் செய்வதுபோல் கார்புரேட்டர் கிளீனர் அடித்து ஐடில் மாறுகிறதா என்று பார்ப்பது இங்கே வீண். இந்த வேக்கத்துக்கும் இன்டேக்குக்கும் சம்பந்தமில்லை. அடித்தது பம்ப் வழியாக ஆயில் சம்புக்குப் போய்ச் சேரும்.

அதனால் இன்னொன்று: பம்ப் இழுக்கும் காற்று முழுவதும் ஆயிலோடு கிராங்க்கேஸுக்குள்தான் கொட்டுகிறது. வெளியே பெரிய லீக் இருந்தால் பிரீதரில் (கிராங்க்கேஸ் காற்று வெளியேறும் குழாய்) புகை கூடும். அதைப் பார்த்து "(பிஸ்டன்) ரிங் போச்சு" என்று இன்ஜினைப் பிரிக்கச் சொல்வார்கள். முதலில் பம்ப் ஹோஸைக் கழற்றி வாயை அடைத்துவிட்டுப் பிரீதரைப் பாருங்கள். புகை குறைந்தால் ரிங்கை விட்டுவிடலாம்.

சாமான்கள்: பூஸ்டர் ஹோஸ், குரோமெட்டுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. நாக்கைப் பிடுங்குவதற்கான பழைய செக் வால்வு புதுப்பேட்டையில். பூஸ்டர் ஹோஸ் கேட்டால் டீசல் ஹோஸைக் கையில் திணிப்பார்கள், வாங்காதீர்கள். சுவர் மெலிதாக இருந்தால் சூட்டில் உள்ளே சப்பிப்போய் வழியையே அடைக்கும். உள்ளே நூல் வலை உள்ள, ஆயில் தாங்கும் நைட்ரைல் ரப்பராகக் கேட்டு வாங்க வேண்டும். பம்பிலிருந்து ஆயில் ஆவி வருமாதலால் சிலிக்கான் ஹோஸ் பார்க்க அழகாக இருந்தாலும் வேண்டாம்.

இப்போது முழு லைனிலும் 670. போல்ட் இருந்த இடத்தில் தற்காலிகமாக ஒரு ரப்பர் மூடி. அதை எடுத்து இஜிஆரைத் திரும்ப இணைக்கத்தான் வேண்டும். சோதனையாக மாட்டியதில் முள் 640க்கும் 670க்கும் நடுவே ஆடுகிறது. சோலனாய்டுக்குக் காற்று விடும் துவாரம் உண்டு, அதன் ஸ்பாஞ்ச் ஃபில்டர் மண்ணாகி இருக்கிறது. கொஞ்சம் ஆட்டம் இயல்பானதுதான். எவ்வளவுவரை இயல்பு என்பதை முள்ளைப் பார்த்துச் சொல்ல முடியாது. ரிச்சி தெருவில் எம்பிஎக்ஸ்வி 4115 வேக்கம் சென்சார் கிடைத்தால் ஆர்டுயினோ என்ற சின்ன கம்ப்யூட்டர் போர்டில் மாட்டி, ஓட்டும்போதே பதிவெடுக்க எண்ணம். அதற்கு முன்னால் அந்த ஸ்பாஞ்சை மாற்றிவிட்டு, இஜிஆர் வால்வை மட்டும் கை பம்பால் தனியாக இழுத்துப் பார்க்க வேண்டும்.