தகட்டில் என்ன மாதம்

செப்டம்பர் 19, 2025

நான் ஓட்டுகிற, முதலாளியின் பழைய லாரியை விலைக்குப் பார்க்க ஆள் வந்தான். டயரைக் காலால் உதைத்தான், போர்டைத் தட்டினான், என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு ஆளைப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 22

இன்று முதல் லாரிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதம் இல்லை, 18தான். முதலாளி விடியற்காலையிலேயே போன் செய்தார். வரிக்கு முன்னால் 30 லட்சம் வண்டி என்றால் வரியில் மட்டும் 3 லட்சம் குறைகிறது. "தீபாவளிக்குள்ள எடுத்துடுவோம்ப்பா. எந்த வண்டின்னு நீ பாத்துச் சொல்லு, ஓட்டப்போறவன் நீதானே" என்றார். அவரிடம் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம். இப்படி ஒருநாளும் கேட்டதில்லை. வீட்டுக்காரியிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.

கும்பகோணம் ஊருக்குள் நுழைந்து வெளியே வர கிளட்ச் மிதித்தது 114 முறை.

செப்டம்பர் 24

எடுக்க வேண்டியது 10 வீல்தான். மச்சான் 16 வீல் எடுக்கச் சொல்லுங்கள் என்று ஒரே பிடிவாதம், லோடு அதிகம் ஏறுமாம். நாலுவழிச் சாலையில் ஓடுகிற ஆளுக்கு அது சரி. நமக்கு லோடு எங்கே இருக்கிறது? வாய்க்கால் கரையில். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் வயல், எதிரே அறுவடை மெஷின் வந்தால் ரெண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒதுங்க வேண்டும். களிமண் கரை. நாலு மழை விழுந்தால் பின் டயர் அப்படியே உள்ளே போகும். போன தாளடி அறுப்பில் வலங்கைமான் பக்கம் ஒருத்தர் வண்டி சாய்ந்து, மூட்டை முழுக்கத் தண்ணீரில் கிடந்ததைப் பார்த்தேன்.

10 வீலுக்கு வண்டியும் லோடும் சேர்த்து அனுமதித்த மொத்த எடை 28.5 டன். 2018க்கு முன்னால் 25தான். வண்டி எடை ஒன்பதரை போனால் 19 டன். 40 கிலோ மூட்டையில் 475, சாக்கு எடையையும் சேர்த்தால் கொஞ்சம் குறையும். போதும்.

லேலண்டில் 2820, டாடாவில் சிக்னா 2821, பாரத்பென்சில் 2823. முதல் இரண்டு எண் டன், அடுத்த இரண்டு குதிரைத்திறன். 20 என்றால் 200. இந்தக் குதிரைத்திறனை வைத்துத்தான் எல்லாரும் சண்டை போடுகிறார்கள். ஓசூர் மலை ஏறுகிறவனுக்கு அது வேண்டும். தஞ்சாவூரிலிருந்து வேதாரண்யம் வரைக்கும் நமக்கு மேடு என்று இருப்பது ஆற்றுப் பாலம் மட்டும்தான். இங்கே வேண்டியது முதல் கியரில், இரண்டாம் கியரில் திணறாமல் ஊர்ந்து போகிற வண்டி. அதோடு கிளட்ச்.

செப்டம்பர் 27

ரெண்டு வண்டி ஓட்டிப் பார்த்தேன்.

லேலண்டின் ஏவிடிஆர் வரிசை வண்டி உட்கார்ந்ததுமே பழகின வண்டி மாதிரி இருந்தது. ஸ்டியரிங் கைக்கு அடங்குகிறது. முக்கியமாக, திருத்துறைப்பூண்டியில் நின்றாலும் மன்னார்குடியில் நின்றாலும் லேலண்ட் தெரிந்த மேஸ்திரி கிடைப்பார். சாமானும் கடையில் கிடைக்கும். நடு ராத்திரி கரை மேல் வண்டி நின்றால் இதற்கு என்ன விலை என்று நின்றவனுக்குத்தான் தெரியும்.

பாரத்பென்ஸ் கதவைச் சாத்தினதும் வெளிச் சத்தம் அப்படியே அடங்கிப்போனது. ஒரகடத்தில் செய்கிற வண்டி. 2012ல் இது வந்தபோது பக்கத்தில் போய்ப் பார்த்ததோடு சரி, ஏறினது இன்றுதான். படுக்கையில் காலை நீட்டிப் படுத்துப் பார்த்தேன். ஷோரூம் தம்பி ஒன்றும் சொல்லவில்லை, பொறுமையாக நின்றான்.

மூன்றாவதாக ஒன்று, கிளட்ச் கல் மாதிரி இருந்தது. அந்த வண்டி ஏற்கனவே பல கை பட்ட டெமோ வண்டி, அதனால் பெயர் எழுதவில்லை.

செப்டம்பர் 29

முதலாளிக்கு யாரோ ஒரு யார்டிலிருந்து போன் செய்திருக்கிறார்கள். ஆகஸ்டில் செய்த வண்டி நிற்கிறதாம். ஏசி இல்லை, அதனால் விலை இன்னும் குறைத்துத் தருவார்களாம். அக்டோபர் 1லிருந்து தயாராகிற லாரிக்கெல்லாம் கேபினில் ஏசி கட்டாயம். ரெண்டு நாள்! ரெண்டு நாள் கழித்து செய்த வண்டியை வாங்கினால் அது எனக்குக் கிடைக்கும். "ஏசி போட்டா டீசல் குடிக்கும்ப்பா" என்கிறார்.

தூக்கம் வரவில்லை.

அக்டோபர் 1

ஆயுத பூஜை. பழைய வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, டயருக்கெல்லாம் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி எடுத்தேன். ஸ்டியரிங்கில் சுற்றியிருக்கும் நைலான் கயிறு நான் சுற்றினது, பெரியவன் பிறந்த வருஷம். இடது கை பிடிக்கிற இடத்தில் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. அடுத்த பூஜைக்கு இது யார் வீட்டு வாசலில் நிற்குமோ.

அக்டோபர் 2

முட்டியில் வீக்கம். இடது.

அக்டோபர் 5

குறுவை நெல் ஏற்றினோம். 460 மூட்டை. லோடு ஏறி, தார்ப்பாய் போட்டு, கயிறு கட்டி முடிக்கும்போது மணி நாலு.

ஏசி என்றால் சொகுசு என்று நினைக்கிறார்கள். முதலாளி ஒரு நாள் என்னோடு ஏறி வரட்டும். நெல் சுணை சட்டைக் காலரில் இறங்கும். கழுத்து மடிப்பில் வியர்வையோடு சேர்ந்து முள் மாதிரி குத்தும், சொறிந்தால் இன்னும் பரவும். ஜன்னலைச் சாத்தினால் இன்ஜின் சூடு காலில் அடிக்கிறது, திறந்தால் சுணை. ராத்திரி அன்லோடுக்கு வரிசையில் நிற்கும்போது பக்கத்திலேயே வாய்க்கால், கொசு. கேபினுக்குள் கொசுவத்தி கொளுத்தி, அந்தப் புகையிலேயே படுத்து, மறுநாள் காலையில் 19 டன்னை எடுத்துக்கொண்டு நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் போய் நிற்பேன். தூங்காத கண்ணோடு ஓட்டுகிறவன் எதிரே ஸ்கூல் பிள்ளைகள் சைக்கிளில் வருகிறார்கள். இதை எழுதும்போது கை நடுங்குகிறது. டீசல் கணக்கு மட்டும்தான் கணக்கா?

அக்டோபர் 8

புகையைச் சுத்தம் செய்ய ஊற்றுகிற ஆட்புளூ பற்றி மச்சானிடம் சத்தம் போட்டுவிட்டேன். பிஎஸ் 6 புகை விதிப்படி வருகிற லாரிக்கு அது இல்லாமல் முடியாது. அதில் 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்தமான தண்ணீர். வயலுக்குப் போடுகிற யூரியாவைக் கரைத்து ஊற்றினால் காசு மிச்சம் என்று யாரோ சொன்னார்களாம். சைலன்சர் பக்கம் இருக்கிற கேடலிஸ்ட் போனால் அந்தச் செலவை யார் கொடுப்பது? புது வண்டியில் என் கண் முன்னால் அது நடக்காது.

அக்டோபர் 9

முதலாளியிடமிருந்து போன் இல்லை.

அக்டோபர் 12

டாக்டர் கிளட்ச் அமுக்குவதைக் குறைக்கச் சொல்கிறார். பெரிய வண்டிகளில் கிளட்ச் மிதியே இல்லாமல் வருகிறது என்று சின்னவன் போனில் காட்டினான். எப்படிக் கியர் விழும் என்று அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அக்டோபர் 16

வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்துவிட்டது. வரிசையில் பதினேழாவது வண்டி. தார்ப்பாயில் மூலைக் கிழிசல், சாக்கைச் சுருட்டி அடைத்தேன். நனைந்த நெல் வாசனை ஒரு மாதிரி வயிற்றைப் பிசையும். யாரோ ஒருத்தர் நாற்றங்காலிலிருந்து பார்த்து வளர்த்த நெல் இது.

கும்பகோணம் கிளட்ச் 131 முறை.

அக்டோபர் 18

முதலாளி கூப்பிட்டார். முட்டி எப்படி இருக்கு என்று முதலில் கேட்டார். சுணையைப் பற்றிச் சொன்னேன், கொசுவைப் பற்றி, கேட்டைப் பற்றி, எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். "சரிப்பா, காலையில ஆறு மணிக்கு யார்டுக்கு வந்துடு" என்றார். எந்த மாத வண்டி என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஒரு பழைய துண்டு எடுத்து வைத்திருக்கிறேன். செய்த மாதம் அடித்திருக்கும் சேஸ் தகட்டில் சேறு இருக்கும், துடைத்துத்தான் பார்க்க வேண்டும்.