அருவிக்கரையில் நிற்கும்போது மலையைப் பாருங்கள்

குற்றாலத்தில் வெயில் அடிக்கிறதே என்று ஓடையில் இறங்கக் கூடாது. மேலே மலை உச்சி கருத்துக் கிடந்தால் அதுதான் கணக்கு. செங்குத்துச் சரிவும் பாறையும் ஏற்கெனவே நனைந்த மண்ணும் மழைநீரைப் பிடித்து வைக்காது. மொத்தமும் வழிந்து சடுதியில் கீழே வந்துவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் வந்த வெள்ளம் அப்படிப்பட்டதுதான். அது சீசன்கூட இல்லை, கோடை மழை.

முதலில் நிறம் மாறும். தெளிந்த தண்ணீர் டீ நிறத்துக்குத் திரும்பி, சருகும் சுள்ளியும் மிதந்து வரும். இரைச்சல் கனக்கும். தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சி நட்டு வையுங்கள். ஐந்து நிமிடத்தில் இரண்டு விரல்கடை ஏறினால் துண்டு, செருப்பை மறந்து கிளம்ப வேண்டியதுதான்.

ஓடையோடு கீழ்நோக்கி ஓடாதீர்கள், பக்கவாட்டில் மேடேறுங்கள். அக்கரையில் ஆள் மாட்டியிருந்தால் தண்ணீர் வடியும்வரை அங்கேயே மேட்டில் இருக்கட்டும். வேகம் இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்கு. முழங்கால் ஆழமே ஆளைச் சாய்த்துவிடும்.

மெயின் அருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் போலீஸ் விரட்டும். கோபப்படாமல் போய் ஒரு டீ குடிக்கலாம்.