காற்றை எடுத்தால் கறி காயாது

ஞாயிற்றுக்கிழமை 2 கிலோ ஆட்டுக்கறி வாங்கி, சாதாரண கவரில் முடிச்சுப் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் கொஞ்ச நாளில் ஓரமெல்லாம் வெளுத்து நார்நாராகிவிடும், கறியில் உறைந்த ஈரம் அப்படியே ஆவியாகிப் போவதுதான் காரணம். பையிலிருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு வாயை ஒட்டும் வேக்குவம் சீலர் மெஷினை வாங்கிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. கறியை நன்றாக வடித்து, தட்டில் பரப்பி, ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் இறுகவிட்டு அப்புறம் சீல் செய்யுங்கள், இல்லையென்றால் ரத்தநீர் மேலே ஏறிப் பையின் வாய் ஒட்டாது. எலும்பு முனை பையைக் குத்தும்; போன மாதம் ஊசித்துளை அளவு ஓட்டை, அரைக்கிலோ கறி சக்கையாகிவிட்டது. இப்போது முனையில் பட்டர் பேப்பரை மடித்து வைக்கிறேன். காற்றுதான் இல்லையே என்று வெளியே வைத்துவிடாதீர்கள், காற்றில்லாமலே வளரும் கிருமிகளும் உண்டு. மைனஸ் 18 டிகிரி அவசியம். சமைப்பதற்கு முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் எடுத்து வைத்துவிடுவேன்.