முப்பது பயணம் முடித்தவர்கள்

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்டில் பறந்தவர்கள் ஏறத்தாழ 1,25,000 பேர். அவர்களில் 55,573 பேர் இறந்தார்கள். பறந்த அத்தனை பேரும் தாமாக முன்வந்தவர்கள். பெரும்பாலோர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்கள். பிழைத்து வந்தவர்களின் மனநிலை பற்றிப் பேச்செடுத்தால் எரிந்த நகரங்கள், குற்றவுணர்வு என்றுதான் தொடங்குவோம். குற்றவுணர்வு இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனாலும் அவர்கள் சொன்னவற்றைப் பொறுமையாகக் கேட்டால், வேலை அமைந்திருந்த விதமே அவர்களைப் பாதி உடைத்திருப்பது புரியும்.

இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதியில் விமானத் தளம் ஒன்றில் சாதாரண நாள் எப்படிப் போகும்? இன்றிரவு பறக்க வேண்டும் என்பது காலையில் தெரிந்துவிடும். எங்கே என்பது விளக்கக் கூட்டத்தில்தான் தெரியும். அதற்குள் எரிபொருள் கணக்கை வைத்து ஊகிப்பார்கள். லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தின் தொட்டிகள் நிறைய 2,154 கேலன் ஏற்றினால் தூரப் பயணம், பெர்லினாக இருக்கலாம். கிளம்பும் முன் முட்டையும் பன்றியிறைச்சியும் கிடைக்கும், ரேஷன் காலத்தில் அது பெரிய விருந்து. பிறகு விமானத்தடியில் காத்திருப்பு. வானிலை கெட்டால் கடைசி நிமிடத்தில் ரத்து. நாள் முழுக்க ஏறிய பதற்றம் இறங்க வழியில்லாமல் உடம்பிலேயே தங்கும். ஒரு பணிச்சுற்று முடிய முப்பது பயணம் பறக்க வேண்டும், ரத்தான இரவு அந்தக் கணக்கில் சேராது. பறப்பதைவிட இந்த ரத்துகள்தான் மோசம் என்று சொன்னவர்கள் பலர்.

ஏழு பேர் குழுவில் பின்துப்பாக்கி வீரரின் நிலை தனி. வாலில் இருக்கும் சுழல்கூண்டில், மற்ற ஆறு பேரையும் பார்க்க முடியாமல், எட்டு மணி நேரம்கூட உட்கார்ந்திருக்க வேண்டும். குளிர் மைனஸ் 40 வரை போகும். மின்சாரத்தால் சூடாகும் உடையில் ஒரு கம்பி அறுந்தால் அந்தப் பக்கத்து விரல்கள் உறைந்துவிடும். பாராசூட் அவர் உடம்பில் இருக்காது, கூண்டுக்கு வெளியே மாட்டியிருக்கும். தப்ப வேண்டுமானால் கதவைத் திறந்து அதை எடுத்து மார்பில் மாட்டி, கூண்டைப் பக்கவாட்டில் திருப்பி, முதுகுப்புறமாக விழ வேண்டும். விமானம் எரிந்துகொண்டே சுழலும்போது இத்தனையும் நடக்க வேண்டும். லங்காஸ்டரில் முன்னால் இருப்பவர்களுக்கான அவசரத் துவாரத்தின் அகலம் 22 அங்குலம். தடித்த உடையும் பாராசூட்டுமாக அதில் நுழைவது பாடு. ஹாலிஃபாக்ஸ் என்ற இன்னொரு குண்டுவீச்சு விமானத்திலிருந்து தப்பியவர்களின் விகிதம் லங்காஸ்டரைவிடத் தெளிவாக அதிகமாக இருந்ததற்கு இந்தத் துவாரமும் ஒரு காரணம். இதையெல்லாம் மனப்பாடமாக அறிந்துகொண்டுதான் ஒவ்வொரு இரவும் ஏறினார்கள்.

குண்டுகளை விட்டதும் திரும்பிவிட முடியாது. எங்கே விழுந்தது என்பதற்குச் சான்றாக ஒளிக்குண்டு வெடித்துப் படம் பதிவாகும்வரை ஏறத்தாழ அரை நிமிடம் நேராக, மட்டமாகப் பறக்க வேண்டும். கீழே தேடொளி விளக்குகள், சுற்றிலும் பீரங்கி வெடிப்புகள். விலகி ஓடு என்று உடம்பு கதறும்போது அசையாமல் இருக்க வேண்டிய கட்டாயம் அது. பல பத்தாண்டுகள் கழித்தும் கனவில் வந்தது இந்த அரை நிமிடம்தான் என்றால் அதில் வியப்பில்லை.

திரும்பாதவர்களின் பெட்டி படுக்கையை அதற்கென்றே இருந்த குழுவினர் வந்து எடுத்துப் போவார்கள். கட்டில் காலியாகும், சீக்கிரமே புது முகங்கள் வரும். சடலம் இல்லை, இறுதிச் சடங்கு இல்லை, அழ நேரமும் இல்லை. துக்கம் தள்ளிப்போடப்பட்டதே தவிரத் தீரவில்லை.

இனி முடியாது என்று வாய்விட்டுச் சொன்னவருக்கு மருத்துவக் காரணம் கிடைக்காவிட்டால் ‘எல்.எம்.எஃப்.’, அதாவது மனவுறுதிக் குறைவு என்ற முத்திரை விழும். பறப்பதற்கான சிறகுச் சின்னம் பறிபோகும், பதவி இறங்கும், சில சமயம் ஒரே நாளில் தளத்தை விட்டே அனுப்பிவிடுவார்கள். பயம் தொற்றும் என்று மேலிடம் நம்பியது. என் கணிப்பில் இந்த ஒரு விதிதான் மிக நீண்ட காலம் வேலை செய்தது. நடுக்கத்தை மறைப்பதே தொழில்திறமை என்று இருபது வயதில் கற்றவர் எழுபதிலும் மறைத்தார்.

போர் முடிந்த பின் பேசவும் சூழல் இல்லை. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் 1945-இல் குண்டுவீச்சில் எரிந்த பிறகு அவர்களைப் பற்றிப் பேச அரசியல்வாதிகள் தயங்கினார்கள். தனிப் பதக்கம் கிடையாது. லண்டன் கிரீன் பார்க்கில் நினைவுச்சின்னம் எழுந்தது 2012-இல், பதக்கப் பட்டையில் குத்தும் சிறு அடையாளம் வந்தது 2013-இல். பி.டி.எஸ்.டி., அதாவது பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனப்பாதிப்பு என்ற நோய்ப்பெயரே அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் 1980-இல்தான் ஏறியது. அதற்குள் பலர் ஓய்வு பெறும் வயதை நெருங்கிவிட்டார்கள். வேலை நின்று, மனைவி போய், மறதி நோயும் தொடங்கும்போதுதான் பழைய இரவுகள் மேலே வந்தன.

இப்படிப்பட்டவரிடம் “அப்போது எப்படி இருந்தது ஐயா?” என்று கேட்டால் “வேலையைச் செய்தோம், அவ்வளவுதான்” என்ற பதில்தான் வரும். கையுறை எத்தனை அடுக்கு, கூண்டை எப்படித் திருப்புவீர்கள் என்று கருவியைப் பற்றிக் கேட்க வேண்டும். கை தானாக அசைந்து காட்டும், பேச்சும் பின்னாலேயே வரும். பறப்புப் பதிவேடு வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. இரவுப் பயணங்கள் அதில் சிவப்பு மையில் இருக்கும். அவரையே வாசிக்கச் சொல்லலாம். ஒரு வரியைத் தாண்டிப் போனால் இழுத்துப் பிடிக்கக் கூடாது.

முதியோர் இல்லத்தில் கவனிக்க வேண்டியவை இன்னும் எளியவை. இரவுச் சுற்றில் முகத்தில் டார்ச் அடிக்கக் கூடாது. தோளைத் தொட்டு எழுப்பாமல் சற்றுத் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பிரிட்டனில் ஆண்டுதோறும் நடக்கும் நவம்பர் 5 வாணவேடிக்கையைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஆக்சிஜன் முகமூடியைக் கண்டு மிரண்டால் மூக்கில் வைக்கும் குழாய் போதுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். எந்த விமானம், எந்த இருக்கை என்பதை மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்தால், இரவுப் பணிக்குப் புதிதாக வரும் செவிலியருக்கும் அது தெரிந்திருக்கும்.