அப்பப்பாவின் கொப்பியில் லெ. பி.

வெள்ளவத்தை வீட்டின் பழைய அலுமாரியைக் கடந்த மாதம் ஒழித்தபோது, அப்பப்பாவின் வேட்டிகளுக்கு அடியில் 80 பக்கக் கொப்பி ஒன்று கிடைத்தது. அட்டை கறையான் அரித்திருந்தாலும் உள்ளே ஒரு எழுத்தும் அழியவில்லை. அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, திகதி, பந்தயம், குதிரை, கட்டிய தொகை, வந்த தொகை என்று ஐந்து நிரல்களை அவர் பிரித்திருந்தார். கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் முப்பது வருடம் கணக்குப் பகுதிக் கிளாக்கராக இருந்தவருடைய கை அது. ஏறக்குறைய எல்லா வரிகளிலும் குதிரையின் பெயருக்குப் பக்கத்தில் ‘லெ. பி.’ என்ற இரண்டு எழுத்துகள் இருந்தன.

லெ. பி. என்பது லெஸ்டர் பிகொட், பந்தயக் குதிரை ஓட்டும் ஜொக்கி. இங்கிலாந்தில் 11 தடவை சம்பியன் ஜொக்கியாக வந்தவரும், அங்கே பெரிய பந்தயமான எப்சம் டேர்பியை 9 தடவை வென்றவருமான அந்த மனிதரை அப்பப்பா ஒருநாளும் நேரில் கண்டதில்லை. எனினும் எங்கள் வீட்டில் அவர் தூரத்து உறவுக்காரர் ஒருவரைப் போலவே பேசப்பட்டார்.

கொழும்பில் இது விசித்திரமான கதை அன்று. கறுவாத்தோட்டத்தில் 1893இல் திறக்கப்பட்ட குதிரைப் பந்தயத் திடல் இரண்டாம் உலகப் போரில் விமான ஓடுபாதையாக மாறியது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் நகரைத் தாக்க வந்தபோது பிரித்தானியப் போர் விமானங்கள் அங்கிருந்தும் எழும்பின. போருக்குப் பின் மீண்டும் ஓடிய குதிரைகள் 1950களில் நின்றுபோயின. இன்று பழைய பார்வையாளர் மண்டபத்தில் கடைகள் இருக்கின்றன, புல்வெளியில் றக்பி ஆடுகிறார்கள். நுவரெலியாவில் மட்டும் ஏப்ரல் சீசனுக்குக் குதிரைகள் ஓடுகின்றன. ஆனால் இங்கே ஓட்டம் நின்றதனால் பந்தயம் கட்டுவது நின்றுவிடவில்லை. பந்தயப் பணம் பிடிக்கும் ஊரின் புக்கிக் கடைகள் இங்கிலாந்துக் குதிரைகளுக்கு மாறின. அங்கே பிற்பகல் 2 மணியாகும்போது கோடைகாலத்தில் இங்கே மாலை 6.30 என்பதால், அலுவலகம் முடிந்து பஸ் ஏறும் நேரத்துக்கும் முதல் பந்தயத்துக்கும் கச்சிதமாகப் பொருந்தியது. யோர்க் எங்கே இருக்கிறது, டொன்காஸ்டர் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டத் தெரியாதவர்களும், அங்கே மழை பெய்தால் எந்தக் குதிரை ஓடும் என்று சொல்வார்கள்.

பிகொட் பிறந்தது 1935 நவம்பர் 5இல். குடும்பமே குதிரைக் குடும்பம். பாட்டனார் ஏர்னி பிகொட் கிராண்ட் நஷனல் என்ற தடைதாண்டும் பந்தயத்தை வென்ற ஜொக்கி. தந்தை கீத் பிகொட் பயிற்சியாளராக இருந்து 1963இல் அதே பந்தயத்தை அயாலா என்ற குதிரையால் வென்றார். தாய் ரிக்கபி என்ற இன்னொரு ஜொக்கிப் பரம்பரையைச் சேர்ந்தவர். பிறவியிலேயே காது சரியாகக் கேளாத, பேச்சும் தெளிவில்லாத அந்தப் பிள்ளை, 1948 ஆகஸ்டில் ஹேடொக் திடலில் ‘த சேஸ்’ என்ற குதிரையில் தன் முதல் வெற்றியைப் பெற்றபோது வயது 12. நெவர் சே டை என்ற குதிரையில் முதல் டேர்பியை வென்ற 1954இல் வயது 18. அதே மாதம் அஸ்கொட்டில் ஒரு பந்தயத்தில் அபாயகரமாக ஓட்டினார் என்று ஆறு மாதத் தடை விதித்து, தந்தையின் லாயத்தை விட்டு வேறொரு பயிற்சியாளரிடம் வேலை செய்யவும் கட்டளையிட்டார்கள். அந்தத் தடையால், நெவர் சே டை செப்டெம்பரில் சென் லெஜர் பந்தயத்தை வென்றபோது அதன் முதுகில் இருந்தவர் சார்லி ஸ்மேர்க்.

மற்ற ஜொக்கிகளிலிருந்து அவரை வேறாக்கியது முதலில் அவருடைய உயரம்தான். தடைகள் இல்லாமல் ஓடும் தட்டைப் பந்தயத்தில் ஏறுபவருக்கு ஐந்தரை அடியே அதிகம். பிகொட் 5 அடி 8 அங்குலம் அளவில் இருந்தார். அந்த எலும்புக்கூட்டின்மேல் வைத்திருக்கக்கூடிய சதையை அவர் வருடக்கணக்காக 117 இறாத்தலுக்கு, அதாவது 53 கிலோவுக்கு, அருகிலேயே நிறுத்தி வைத்திருந்தார். டேர்பியில் அந்தக் காலத்தில் ஆண் குதிரை சுமக்க வேண்டிய பாரம் 126 இறாத்தல். சேணத்தோடு தராசில் ஏறி அந்த எடை வராவிட்டால், குறைவை ஈயத் தகடுகளால் நிரப்புவார்கள். மெலிந்தவனுக்கு ஈயம் உண்டு. கொழுத்தவனுக்குச் செய்ய ஒன்றும் இல்லை, குதிரை கூடுதலாகச் சுமக்க வேண்டியதுதான். ஆகவே பிகொட் பட்டினி கிடந்தார். காலையில் கறுப்புக் கோப்பி, வாயில் சுருட்டு, பகலுக்குப் பேருக்கு ஏதோ கொஞ்சம் என்று முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டினார். கந்தசஷ்டி ஆறு நாளைக்கே முனகும் எனக்கு இதைக் கற்பனை செய்வது கடினம். முகம் ஒட்டி, தோல் சுருங்கி, நாற்பது வயதிலேயே அறுபது வயதுக்காரர் போலத் தெரிந்த அவருடைய படம் ஒன்றை அப்பப்பா ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து வெட்டிக் கொப்பியின் பின்னட்டையில் கோதுமை மாப் பசையால் ஒட்டியிருக்கிறார்.

நீண்ட கால்களை மடக்க வேண்டியிருந்ததால் அங்கவடிகளை மிகக் குட்டையாகக் கட்டி, இடுப்பை வானத்துக்குத் தூக்கி ஓட்டினார். பழைய ஆட்கள் இது அழகில்லை என்றார்கள், பிறகு இளம் ஜொக்கிகள் எல்லோரும் அதையே பின்பற்றினார்கள். எப்சம் திடல் இத்தகைய ஓட்டத்தைச் சோதிப்பதற்கென்றே அமைந்தது போன்றது. ஒன்றரை மைல் ஓட்டத்தின் முதற் பாதி மேட்டில் ஏறும். பின்னர் டட்டனம் மூலை வரை இடப்பக்கம் வளைந்தபடி சரிவில் இறங்கும். கடைசி நேர்ப்பாதையோ உட்பக்க வேலியை நோக்கிச் சாய்ந்திருக்கும். களைத்த குதிரை அந்தச் சாய்வில் தானாகவே வேலிப் பக்கம் சரியும். ஆகவே மேட்டில் குதிரையின் மூச்சைச் செலவழிக்காமல், சரிவில் அதன் கால் தடுமாறாமல், மூலையைத் திரும்பும்போது முதல் ஆறு பேருக்குள் இருக்க வேண்டும். இந்தக் கணக்கைப் பிகொட் அளவுக்குச் சரியாகப் போட்டவர் இல்லை. சேர் ஐவர், நிஜின்ஸ்கி, த மின்ஸ்ட்ரல் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத சுபாவமுடைய குதிரைகளை அவர் அதே திடலில் வெல்லவைத்தார். நிஜின்ஸ்கி 1970இல் டூ தௌசண்ட் கினீஸ், டேர்பி, சென் லெஜர் மூன்றையும் வென்றது. அதற்குமுன் அதைச் செய்த குதிரை 1935இல் பஹ்ராம். அதற்குப் பின் இன்றுவரை எந்தக் குதிரையும் அதைச் செய்யவில்லை.

அப்பப்பாவின் சித்தாந்தம் இதிலிருந்துதான் பிறந்தது. “குதிரை ஒரு நாளைக்கு ஓடும், ஒரு நாளைக்கு ஓடாது தம்பி. மேலை இருக்கிறவனைப் பார்” என்பார். 1977 ஜூன் முதலாம் திகதி, ஏழு வயதுச் சிறுவனாக, புக்கிக் கடையின் வாசலில் ஐஸ் பழத்தோடு நின்றேன். உள்ளே கரும்பலகைக்கு முன்னால் வியர்வை நாற்றத்தோடு ஒரு கூட்டம். தொலைபேசி அடித்தது. காதில் பென்சில் செருகிய ஒருவர் கேட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் சோக்கட்டியை எடுத்து மின்ஸ்ட்ரல் என்று எழுதினார். அப்பப்பா கார்பன் தாளின் நீலம் படிந்த துண்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, இரண்டு கைகளாலும் தடவி நேராக்கினார். 10 ரூபாவுக்கு 50 ரூபா லாபம். ஒரு கழுத்து இடைவெளியில் கிடைத்த வெற்றி அது என்பதும், கடைசிப் பர்லாங் முழுவதும் பிகொட் அந்தச் சிறிய செங்குதிரையைச் சவுக்கால் விரட்டினார் என்பதும் பிறகு வாசித்து அறிந்தவை.

ஆனால் வாசிக்க வாசிக்க, அப்பப்பாவின் சித்தாந்தம் பாதி தலைகீழானது என்று எனக்குத் தோன்றுகிறது. மேலே இருப்பவனைப் பார்த்துப் பணம் கட்டியவர்கள், உண்மையில் அவன் எந்தக் குதிரையைப் பார்த்தான் என்பதற்கே பணம் கட்டினார்கள். பிகொட்டின் முதல் திறமை கையிலோ சவுக்கிலோ இல்லை, தெரிவில் இருந்தது. 1966இல் தன்னை நியமித்திருந்த பயிற்சியாளர் நோயெல் மேர்லஸின் குதிரையை விட்டுவிட்டு, அயர்லாந்தின் வின்சன்ட் ஓபிரயனிடமிருந்து வந்த வலோரிஸில் ஏறி ஓக்ஸ் பந்தயத்தை வென்றார். அந்த உறவு முறிந்தது. யாருக்கும் கட்டுப்படாத ஜொக்கியாக, எந்த லாயத்தின் சிறந்த குதிரைக்கும் அவர் கைநீட்டக்கூடிய நிலை உருவானது. 1972 டேர்பிக்கு, காயத்திலிருந்து தேறி ஓட்டத் தயாராக இருந்த ஜொக்கி பில் வில்லியம்சனை உரிமையாளர் இறக்கிவிட்டு ரொபர்டோ என்ற குதிரையில் பிகொட்டை ஏற்றினார். மயிரிழையில் அவர் வென்றபோது கூட்டம் கைதட்டவில்லை. மின்ஸ்ட்ரல் இரண்டு கினீஸ் பந்தயங்களில் தோற்றபின் ஓபிரயன் தயங்கியபோதும், டேர்பிக்கு விட்டால் தானே ஏறுகிறேன் என்று சொன்னவர் பிகொட்தான். சக ஜொக்கிகளின் வயிற்றெரிச்சலை அவர் பொருட்படுத்தவில்லை. இதை நான் பெருந்தன்மை என்று சொல்லமாட்டேன்.

இதில் பந்தயம் கட்டுபவனுக்கு ஒரு பொறி இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை மட்டும் டேர்பிக்குப் பணம் கட்டுகிற ஆயிரக்கணக்கானோர் கண்ணை மூடிக்கொண்டு பிகொட்டுக்கே கட்டியதால், அவர் ஏறியதுமே குதிரையின் விலை, அதாவது வென்றால் கிடைக்கும் லாப விகிதம், சுருங்கிவிடும். அவர் 18 வயதுப் பையனாக இருந்த 1954இல் நெவர் சே டைக்கு விலை 1க்கு 33. சேர் ஐவருக்கு 1968இல் 5க்கு 4; அதாவது ஐந்து ரூபா கட்டி வென்றால் நான்கு ரூபாதான் லாபம். கொழும்பிலும் ஓட்டம் தொடங்கும் வேளையின் விலைக்கே பணம் கொடுத்தார்கள். ஜொக்கியின் திறமைக்கு உரிய பணத்தைப் புக்கி முன்கூட்டியே எடுத்துக்கொண்டார் என்று சொல்லலாம்.

தெரிவு பிழைத்த வருடமும் உண்டு. 1969இல் ரிபோபிலியோ என்ற குதிரை நான்கு பெரிய பந்தயங்களில் அதிக நம்பிக்கைக்குரியதாக நிறுத்தப்பட்டு, நான்கிலும் தோற்றது. கொப்பியில் அந்தப் பெயர் நான்கு முறை இருக்கிறது, தொகை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகியிருக்கிறது. அந்த வருடம் அப்பம்மாவின் காப்புச் சோடி அடகுக்குப் போனதை அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். கொப்பியில் காப்புக்கு நிரல் இல்லை.

1983 ஜூன் 1, டீனோசோ, லெ. பி., 20 ரூபா. நனைந்து சேறான திடலில் பிகொட்டின் ஒன்பதாவது டேர்பி. அதற்குக் கீழே அந்த வருடத்துக்கு எதுவும் எழுதப்படவில்லை. ஏழு வாரம் கழித்து ஜூலையில் கொழும்பு எரிந்தது. நாங்கள் அகதி முகாமிலிருந்து கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனோம். அடுத்த வரி 1984 செப்டெம்பரில், சென் லெஜருக்கு: கொம்மாஞ்சி ரன், லெ. பி., 5 ரூபா. கையெழுத்துச் சற்று நடுங்கியிருக்கிறது. கிளாசிக் எனப்படும் இங்கிலாந்தின் ஐந்து பெரிய பந்தயங்களில் பழைய ஜொக்கி பிரான்க் பக்கிள் 1827இல் முடித்த 27 வெற்றிகள் என்ற சாதனையைப் பிகொட் அன்றுதான் முறியடித்தார். அப்பப்பாவுக்கு அது தெரிந்திருந்ததா என்று கொப்பி சொல்லவில்லை.

பிகொட் 1985இல் ஓய்வு பெற்றுப் பயிற்சியாளரானார். 1987 ஒக்டோபரில் வருமான வரி மோசடிக்காக மூன்று வருடச் சிறைத்தண்டனை பெற்றார், 366 நாட்கள் உள்ளே இருந்தார், ஓ.பி.ஈ. என்ற பிரித்தானிய அரச கௌரவப் பட்டமும் பறிக்கப்பட்டது. குதிரைக்காரர் வரி ஏய்ப்பதில் அதிசயம் என்ன என்று அப்பா சிரித்தார். அப்பப்பா சிரிக்கவில்லை. பேரேடு எழுதியே வாழ்ந்தவருக்கு, மறைத்த கணக்கு என்பது சூதாட்டத்தைவிடப் பெரிய இழுக்காகப் பட்டது. ஒரு மாதம் அந்தப் பெயரை அவர் சொல்லவே இல்லை.

1990 ஒக்டோபர் 15ஆம் திகதி, 55ஐ எட்ட மூன்று வாரமே இருக்கையில், பிகொட் மீண்டும் குதிரையில் ஏறினார். பன்னிரண்டு நாள் கழித்து நியூயோர்க்கின் பெல்மண்ட் பார்க்கில் பிரீடர்ஸ் கப் மைல் ஓட்டத்தில், ஓபிரயனின் ரோயல் அக்கடமியைப் பின்னாலிருந்து கொண்டுவந்து ஒரு கழுத்தால் வென்றார். அந்தச் செய்தியைப் பத்திரிகையில் வாசித்த அப்பப்பா, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “பசி கிடந்தவன்ரை உடம்பு, சும்மா கிடக்காது” என்றார். அடுத்த வருடம் மாரியில் அவர் காலமானார். பிகொட் அதன் பிறகும் 1992இல் ரொட்ரிகோ டி ட்ரியானோவில் தன் 30ஆவது கிளாசிக்கை வென்றார். பிரித்தானியாவில் தட்டைப் பந்தய வெற்றிகள் 4,493 என்ற எண்ணிக்கையோடு 1990களின் நடுவில் முற்றாக ஓய்ந்தார்.

அவர் ஜெனீவாவில் 86 வயதில் இறந்த செய்தியை, 2022 மே மாதக் கடைசியில், பெற்றோலுக்காகக் காரோடு வரிசையில் நின்ற இரவில் கைப்பேசியில் கண்டேன். பின்னால் நின்ற முச்சக்கரவண்டிக்காரரிடம் சொன்னேன். அவர் வயதானவர், கொட்டாஞ்சேனைக்காரர். “ஐயோ, எங்கட பிகொட்டா?” என்றார். வரிசை நகரும்வரை எனக்கு ரொபர்டோ கதையைச் சொன்னார், சில இடங்களில் பிழையாக.

கொப்பியின் தொகை நிரல்கள் இரண்டையும் போன ஞாயிற்றுக்கிழமை நான் கூட்டிப் பார்த்தேன். டேர்பிகளில் மட்டும் எடுத்தால் அப்பப்பாவுக்கு லாபம். முழுவதையும் எடுத்தால் 1,312 ரூபா 50 சதம் நட்டம். மாதக் கடைசியில் கம்பனியின் பேரேட்டைச் சதக் கணக்கில் சரிபார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார் என்று சொல்லப்பட்ட மனிதர், இந்தக் கொப்பியின் ஒரு பக்கத்தைக்கூடக் கூட்டவில்லை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டுத்தொகைக்காக இரட்டைக் கோடு மட்டும் போட்டு, இடம் விட்டிருக்கிறார்.