விடியக்காலை காபியெல்லாம் நேத்துக் கணக்கு

பெரியப்பா கடைக்குப் புது பில்லிங் ஆப் வந்த நாளிலிருந்து ராஜா மாமாவுக்கு ஏழரை பிடித்துவிட்டது.

நாலு மணிக்குக் கடை திறந்து காலைக் கல்லாவில் உட்காருவது மாமாதான். ராத்திரி பத்து மணிக்குக் கணக்கு முடித்தால், ரிப்போர்ட்டில் இருப்பதைவிடக் கல்லாவில் பணம் அதிகம். விடிந்ததும் அதே ரிப்போர்ட்டை மறுபடி எடுத்தால் கிட்டத்தட்ட சரியாக வருகிறது. விடிந்தால் முகூர்த்தம் என்றாலோ, துண்டு விழுகிறது. பெரியப்பா தீர்ப்பு சொல்லிவிட்டார்: "கூடினாலும் களவுதான், குறைஞ்சாலும் களவுதான்." மாமா பெரியம்மாவின் கூடப்பிறந்த தம்பி என்பதால் வழக்கு அடுக்களைக்குப் போனது. அன்றிலிருந்து பெரியப்பாவுக்கு ரசத்தில் உப்பு கிடையாது.

மாமா மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆப், பில்லின் நேரத்தை யூடிசியில், அதாவது நம்ம நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் ஓடும் உலகப் பொது நேரத்தில், சேமிக்கிறது. அது சரியான பழக்கம்தான். ஆனால் ரிப்போர்ட் எழுதிய புண்ணியவான், அந்த நேரத்தை நம்ம ஊர் நேரத்துக்கு மாற்றாமல், முதல் பத்து எழுத்தை வெட்டியெடுத்து அதையே தேதியாக வைத்துவிட்டார். 12ஆம் தேதி காலை 4:47க்குப் போட்ட பில், யூடிசியில் 11ஆம் தேதி இரவு 11:17. ஆக, நாலு மணியிலிருந்து ஐந்தரை வரைக்கும் குடித்த டிகிரி காபி அத்தனையும் முந்தின நாள் கணக்கில். முகூர்த்த நாளில் விடியக்காலைக் கூட்டம் அதிகம், அதனால் முந்தின நாளுக்குத் துண்டு. ஏப்ரல் 1 விடியக்காலை விற்பனை மார்ச் 31க்குப் போனால், அது போன நிதியாண்டுக்கே போய்விட்டது என்று அர்த்தம். ஆடிட்டருக்கு இதை விளக்குவதற்குள் தலை நரைத்துவிடும்.

இதில் ஆப் பக்கம் நின்ற ஒரே ஆள் அப்பாயி. "சூரியன் வராம என்னடா புது நாளு? பஞ்சாங்கப்படி பொட்டி சரியாத்தான் சொல்லுது." வாஸ்தவம்தான். யூடிசி நள்ளிரவு நமக்குக் காலை ஐந்தரை, அதற்குப் பின்னாலேயே இங்கே உதயம். ஆப் எழுதியவருக்கே தெரியாமல் அது பஞ்சாங்கம் பார்த்திருக்கிறது.

புகார் கொடுத்ததும் கம்பெனிப் பையன் செய்த முதல் வேலை, சேமிக்கும் இடத்திலேயே கையால் ஐந்தரை மணி கூட்டியது. திரையில் காட்டும்போது டேப்லெட் தன் பங்குக்கு இன்னொரு ஐந்தரை கூட்டியது. சாயங்காலம் ஏழு மணிக்குச் சாப்பிட்ட அடை மறுநாள் நள்ளிரவு 12:30க்குச் சாப்பிட்டதாக பில். கூட்டல் கழித்தலை யாரும் கையால் செய்யவே கூடாது. சேமிப்பது யூடிசி, காட்டும்போது ஆசியா/கொல்கத்தா என்று நேர மண்டலத்தின் பெயரைக் கொடுத்தால், நூலகம் என்கிற ரெடிமேட் நிரல் தொகுப்பே மாற்றிக்கொள்ளும். வெறும் ஐந்தரை போதாதா என்று கேட்டால், அப்பாயி ஜாதகத்தைப் பாருங்கள். 1942 முதல் 1945 வரை போருக்காக இந்தியாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருந்தார்கள். அப்போது பிறந்தவர்களுக்கு ஜோசியர் இன்னமும் ஒரு மணி கழித்துத்தான் கட்டம் போடுகிறார். அந்த ஆறரை மணிக் கணக்கெல்லாம் மண்டலப் பெயருக்குள் பதிந்திருக்கிறது, நாம் போடும் ஐந்தரையில் இல்லை.

அதோடு விட்டதா? டேப்லெட்டில் கேம் விளையாடிய குட்டிப்பயல், உயிர் சீக்கிரம் வரட்டும் என்று தேதியை இரண்டு நாள் முன்னே தள்ளிவிட்டான். இன்றைக்குச் சாப்பிட்ட சாம்பார் வடைக்கெல்லாம் நாளை மறுநாள் தேதியில் பில். கருவியின் கடிகாரத்தை நம்பக்கூடாது, பில் நேரம் கம்பெனியின் சர்வர் கம்ப்யூட்டரிலிருந்து வரவேண்டும். நெட் போய்விட்டால், கடைசியாக சர்வர் சொன்ன நேரத்தோடு, அதற்குப் பிறகு கருவி ஓடிய விநாடிகளைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அதற்கென்றே முன்னே மட்டும் எண்ணுகிற கவுன்டர் ஒன்று எல்லாக் கருவியிலும் உண்டு. தேதியை யார் மாற்றினாலும் அது அசையாது. பில்களை வரிசைப்படுத்துவதும் பில் எண்ணை வைத்துத்தான், நேரத்தை வைத்து அல்ல.

கல்லாப் பக்கத்துப் பழைய கம்ப்யூட்டர் தனிக்கதை. கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்ட உள்ளே இருக்கும் சிஆர்2032 என்ற பொட்டு பேட்டரி செத்துப்போயிருந்தது. கரண்ட் இருக்கும்வரை தெரியாது. ஐப்பசி அடைமழையில் கரண்ட் போய் வந்ததும் மெஷின் பல வருஷம் பின்னால் போய் நிற்கும். பிரவுசரைத் திறந்தால், தளத்தின் சான்றிதழ் இன்னும் அமலுக்கே வரவில்லை என்று அடம். நேரம் தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருந்தாலும் ஆகாது. சாதாரண விண்டோஸ் மெஷினில் வித்தியாசம் 15 மணி நேரத்தைத் தாண்டினால், இது நம்பத்தக்கதல்ல என்று விட்டுவிடுவதுதான் வழக்கமான அமைப்பு. முதலில் தேதியைக் கையால் வைத்துவிட்டு, பிறகு ஒத்திசைக்கச் சொல்ல வேண்டும். பேட்டரியை மாற்றாவிட்டால் அடுத்த மழைக்கு மறுபடியும் இதே பாடு.

கடைசியில் கணக்கைத் தீர்த்தது வியாபார நாள் என்று தனியாகச் சேர்த்த ஒரு கட்டம். பில் போட்ட கணம் யூடிசியில் ஒரு பக்கம் இருக்கட்டும், அது எந்த நாள் கணக்கு என்பதைக் கடை சொல்லட்டும். பெரியப்பா கடைக்கு நாள் தொடங்குவது மூன்று மணி. ரிப்போர்ட் இந்தக் கட்டத்தை மட்டும் பார்த்தால் போதும். சரிபார்க்க 2:59, 3:01, 5:29, 5:31 என்று நாலு பில், அதையே ஏப்ரல் 1 விடியக்காலையிலும் போட்டுப் பார்க்கவேண்டும். கம்பெனி இதைச் செய்திருந்தால் பெரியப்பாவுக்கு உப்பு போயிருக்காது.

மாமாவிடம் பெரியப்பா இன்னும் நேரே முகம் கொடுத்துப் பேசவில்லை. கம்பெனியிலிருந்து மட்டும் பவ்யமாக ஒரு மெயில். தங்கள் புகார் காலை 10:12க்குப் பெறப்பட்டது, அதே நாள் காலை 5:10க்குத் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார் தருவீர்கள் என்று.